உட்கார்ந்தால் அது எங்கள் வாத்து

சில வருடங்களுக்கு முன், நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊரில் குறுவை அறுவடை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். அடுத்த தெருவில் இருக்கும் என் நாத்தனார், மகனைப் பார்க்க இரண்டு மாதம் சிங்கப்பூர் போனார். போகும்போது எட்டு வாத்துக் குஞ்சுகளை என்னிடம் விட்டுவிட்டு, "ஒண்ணு குறைஞ்சாலும் விட மாட்டேன் அண்ணி" என்று சிரித்தார். அவர் சிரித்துச் சொன்னதைத்தான் செய்தும் காட்டுவார்.

கீரி பயம், நாய் பயம், பருந்து பயம். கொல்லைக் கோடியில் சின்னதாக ஒரு வலைக்கூண்டு அடித்து உள்ளேயே வைத்திருந்தேன். குருணையும் தவிடும் மூக்குக்கு நேரே வந்துவிடும். எட்டும் கொழுகொழுவென்று வளர, எனக்கு ஒரே பெருமை.

அறுவடை முடிந்ததும் ஒரு நாள் காலை, கொல்லையை ஒட்டிய வயலில், சிந்திய நெல்லைப் பொறுக்க மேய்ச்சல் வாத்துக் கூட்டம் இறங்கியது. நான் தீனி வைக்கக் கூண்டைத் திறந்த நேரம், சத்தம் கேட்டு எங்கள் எட்டும் தத்தித் தத்திப் போய் அதில் கலந்துவிட்டன. எல்லாம் ஒரே நிறம், ஏறக்குறைய ஒரே அளவு. நாத்தனார் முகம் கண்முன் வந்து நின்றது.

"அண்ணே, எங்க வாத்து எட்டு உள்ள பூந்துடுச்சு!" என்று கத்தினேன்.

"அடையாளம் ஏதும் இருக்காம்மா?" என்றார் மேய்ப்பவர். "எல்லாம் ஒண்ணு போலத்தானே இருக்கு" என்றேன்.

அவர் கூட்டத்தை அடுத்த வயலுக்கு ஓட்டினார். கொஞ்ச தூரம் போவதற்குள் ஒன்று உட்கார்ந்தது. பின்னாலேயே இன்னொன்று. வரப்பை எட்டுவதற்குள் எட்டும் காலைப் பரப்பிக்கொண்டு குந்திவிட்டன.

"உக்காந்திருக்கறதெல்லாம் உங்களுதுதானம்மா? அள்ளிக்குங்க!"

என் சத்தம் கேட்டு வரப்பில் கூடியவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. எட்டையும் கூடையில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் காலைத் தடவிப் பார்த்து, "சதை போட்டிருக்கு, எலும்புல பலம் இல்லை. வளர்ற வயசுல ஓடி ஆடலைன்னா இப்படித்தான். தினமும் வெயில்ல நடக்க விடுங்க" என்று சொல்லி, சத்து மருந்தும் கொடுத்தார்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் கையில் குச்சியோடு வாய்க்கால் கரையில் நான், முன்னால் எட்டு பேர். முதலில் நாலு அடி வைத்தாலே உட்கார்ந்துவிடும். போகப் போக அவை ஓட, நான்தான் மூச்சு வாங்கி உட்கார்ந்தேன். ஊர் திரும்பிய நாத்தனார் கரைக்கே வந்து பார்த்துவிட்டு, "வாத்து நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் பாதியா இளைச்சிட்டீங்க அண்ணி" என்றார்.

இப்போது என் மகள் காலேஜுக்குத் தனியாக பஸ் ஏறக் கிளம்பும்போதெல்லாம், 'நானும் கூட வரேன்' என்று வாய்வரை வருவதை விழுங்கிவிட்டு, வாசலோடு நின்றுகொள்கிறேன்.