அத்தை மனந்திரும்பிய கதை

அத்தை ஏசுவை வா, போ என்றுதான் பேசுவாள். வயலில் குனிந்து களை பறித்தபடியே பேசுவாள். ஈர விறகு புகைந்து கண் எரிந்தால், "இன்னாப்பா, உனுக்குக் கொஞ்சங்கூட இரக்கமே கெடயாதா?" என்று அடுப்பைப் பார்த்துக் கேட்பாள். கோயிலில் நைனாவும் மற்றவர்களும் கண்ணை இறுக மூடிக்கொண்டு 'தேவரீர், தேவரீர்' என்று அழைக்கிறவரும் இவரும் ஒருவர்தானா என்று எனக்கு வெகு நாள் சந்தேகம். கோயிலில் இருப்பவர் தாசில்தார் மாதிரி. மனு கொடுத்துவிட்டுக் கைகட்டி நிற்க வேண்டும். அத்தையினுடையவர் பக்கத்து வயலில் வேலை செய்கிறவர். குரல் கொடுத்தால் போதும், திரும்பிப் பார்ப்பார்.

உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரையோடு நடந்தால் எங்கள் காலனி. பாதிப் பேர் வேதக்காரர்கள், பாதிப் பேர் மாரியம்மன் கும்பிடுகிறவர்கள். வேலை மட்டும் எல்லோருக்கும் ஒன்று, ஊர்க்காரர்கள் நிலத்தில் கூலி. கோயில் என்று நாங்கள் சொல்வது ஓடு வேய்ந்த எங்கள் சர்ச்சை. உபதேசியார் அதன் பக்கத்திலேயே குடியிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்துவார். பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம். அவர் டவுனில் இருந்தார், மாதத்துக்கு ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வந்து திருவிருந்து கொடுப்பார். நாக்கில் வைத்தால் கரைந்துபோகிற மெல்லிய வட்ட அப்பம், அப்புறம் ஒரு மிடறு திராட்சை ரசம். அந்த ஒரு மிடறுக்காக ஆண்கள் வெள்ளை வேட்டியும் பெண்கள் பெட்டிப் புடவையும் கட்டுவார்கள். எங்கள் நைனா சபைக் கமிட்டியில் ஒருவர். அத்தை அவருக்கு அக்கா.

நான் நாலாவது படிக்கும்போது அத்தையின் புருஷன், எங்கள் மாமா, வைக்கோல் ஏற்றிய டிராக்டரின் உச்சியிலிருந்து விழுந்தார். முதுகு ஒடிந்தது. செங்கல்பட்டில் பார்த்துவிட்டு இனி இப்படித்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். கயிற்றுக் கட்டிலில் இடுப்புக்குக் கீழே செத்தும் மேலே உயிரோடும் கிடந்தார். சோறு கேட்கமாட்டார், மருந்து கேட்கமாட்டார். திருவிருந்து மட்டும் கேட்டார். எழுந்து வர முடியாதவர்களுக்கு ஐயரே வீட்டுக்கு வந்து தர வேண்டும் என்பது முறை. ஐயருக்கோ ஊர்கள் பல, வண்டி ஒன்று. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்க, மழை வந்தது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. காலனித் தெரு முழங்கால் சேறு. கோயில் வரை வந்த வண்டி அதற்கு மேல் வரவில்லை.

அந்த ஞாயிறு அத்தை பீடத்தை மறித்த மரக்கிராதி முன்னால் முழங்காலிட்டாள். உள்ளங்கையில் அப்பத்தை வாங்கினாள். வாயில் போடவில்லை. முந்தானையில் வைத்து முடிந்துகொண்டு, தலை குனிந்தபடியே எழுந்து வெளியே நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். சேற்றில் அவள் அப்படி நிதானமாக நடந்து நான் பார்த்ததில்லை. நிறைமாதக்காரியைப் போல ஒரு கையால் முடிச்சைத் தாங்கிக்கொண்டு நடந்தாள்.

மாமா அப்பத்தைப் பார்த்தார். அழுதார். பாதி நீ எடுத்துக்கோ என்றார்.

"இத்துனூண்டு கீது, இதுல இன்னா பாதி?" என்றாள் அத்தை. "நான் நடந்து போற ஆளு. அடுத்த மாசம் வாங்கிக்கிறேன்."

அந்த அடுத்த மாதம் அவளுக்கு வரவே இல்லை.

முந்தானை முடிச்சை உபதேசியாரின் சம்சாரம் பார்த்துவிட்டிருந்தாள். மறு வாரம் ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. கர்த்தருடைய சரீரத்தைத் துணியில் முடிந்து வெளியே கொண்டுபோனது பெரிய அவமதிப்பு என்றார் உபதேசியார். அத்தை நடுவில் நின்றாள். அவள் குரலில் சண்டை இல்லை, உண்மையாகவே புரியாதவள் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"படுத்துங்கெடக்கறவன் எழுந்து வரமாட்டான். அப்ப அவருதான போவணும்? வண்டி சேத்துல போவாதுன்னாங்க. சரி, நான் இட்டுனு போனேன். இதுல இன்னா தப்புங்க?"

சபைக்கு முன்னால் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுவரை திருவிருந்து இல்லை என்று முடிவானது. சம்மதிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். நைனாவின் கையும் மேலே போனது, சட்டைக் கையைச் சரிசெய்கிறவர் போல.

"அவருகிட்ட கேக்கச் சொல்லு, கேக்கறேன்" என்றாள் அத்தை, வெளியே வந்த நைனாவிடம். "இவங்க கிட்ட எதுக்குடா?"

அறுப்புக்கு முன் மாமா செத்தார். அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. மணி அடித்து, பாட்டுப் பாடி, கல்லறைத் தோட்டத்து வேப்பமரத்தின் கிழக்கே நல்லபடியாகப் புதைத்தார்கள். அதற்குப் பின் அத்தை கோயில் வாசலை மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும்போது அவள் ஏதாவது ஒரு வரப்பில் இருப்பாள்.

நடவுக்காலத்தில் பத்து பதினோரு மணிக்குத் தூக்குவாளியில் டீயும், காகிதப் பொட்டலத்தில் பொறையும் வரும். கல்லு மாதிரி இருக்கும் அந்தக் கடை ரொட்டி டீயில் முக்கினால்தான் வாய்க்கு இறங்கும். அத்தை எல்லோருடைய பொறையையும் தன் மடியில் வாங்கிக்கொள்வாள். வானத்தை ஒருமுறை பார்ப்பாள். பிட்டுப் பிட்டு ஒவ்வொருத்தி கையிலும் வைப்பாள், "இந்தா, அவரு குடுத்தது" என்று. மாரியம்மன் வீட்டுப் பெண்களும் கை நீட்டுவார்கள்.

"ஏன்டி, உங்க ஏசு பொறை துன்றவரா?" என்பாள் ஒருத்தி.

"பசி வந்தா எல்லாந் துன்னுவாரு. உன் மூஞ்சியப் பாத்தாதான் ஓடிப்பூடுவாரு."

சேற்றுக்கால்களோடு அத்தனை பேரும் சிரிப்பார்கள். அப்புறம் யாரும் சொல்லாமலே சிரிப்பு நிற்கும். பொறையை டீயில் நனைத்து மெல்லும் நேரம் மட்டும் ஒரு அமைதி இருக்கும். லீவு நாட்களில் நானும் மென்றிருக்கிறேன். கோயிலில் எனக்கு அப்பம் வாங்கும் வயது வரவில்லை. வரப்பில் அத்தை வயது கேட்கவில்லை.

வயலில் சிரித்தது கோயிலுக்குக் கேட்டுவிட்டது. டீயில் திருவிருந்து நடத்துகிறாள் என்று போய்ச் சேர்ந்தது. அடுத்த முறை ஐயர் வந்தபோது, அத்தை சபைக்குப் புறம்பானவள் என்று பீடத்திலிருந்தே அறிவிக்கப்பட்டது. அப்படி அறிவிக்கப்பட்டவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. அதைக் கேட்டபோதுதான் அத்தை முதல்முறையாக உட்கார்ந்துவிட்டாள் என்று அம்மா சொன்னாள். அன்று வேலைக்குப் போகவில்லை, அடுப்பு மூட்டவில்லை, ஏசுவோடுகூடப் பேசவில்லையாம்.

அவள் வயிற்றில் அப்போதே கட்டி இருந்திருக்க வேண்டும். அடுத்த மழைக்காலத்தில் அவள் எங்கள் வீட்டுக் கட்டிலில் எலும்பாகக் கிடந்தாள்.

அன்று காலை நைனாவும் உபதேசியாரும் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு முள்கம்பி வாங்க முதல் பஸ் பிடித்துச் செங்கல்பட்டு போயிருந்தார்கள். அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். பள்ளிக்கூடப் பையோடு நான் கட்டிலருகே நின்றேன். அத்தை கண்ணைத் திறந்து, "வெயில் வந்துச்சா கண்ணு?" என்றாள். இல்லை, மூட்டமாக இருக்கிறது என்றேன். சிரிக்கப் பார்த்தாள்.

"நைனா வந்தா சொல்லு. உங்க மாமா பக்கத்துல போடச் சொல்லு. வேற ஒண்ணும் வாணாம்."

பிறகு கூரையைப் பார்த்து, என்னிடம் பேசாத குரலில், "சரி, வா" என்றாள். அவ்வளவுதான். நான் தண்ணீர்ச் சொம்பை எடுத்துத் திரும்புவதற்குள் அவள் வாய் திறந்தபடி நின்றுவிட்டிருந்தது.

உச்சிவேளைக்கு மேல்தான் இருவரும் முள்கம்பிச் சுருளை நடுவில் ஒரு கழியில் கோத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அத்தை சொன்னதைச் சொன்னேன். நைனா கழியைக் கீழே வைத்தார். உள்ளே போய்ப் பார்த்தார். வெளியே வந்து உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் ஐயருக்கு ஆள் அனுப்பினார்.

மணி அடிக்கவில்லை. மணி அடிக்காத சாவு எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்தது. ஒப்பாரியைக்கூடச் சத்தமாக வைக்கலாமா என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயலிலிருந்து நேராக வந்திருந்த மாரியம்மன் வீட்டுப் பெண்களில் ஒருத்தி நைனாவிடம், "எங்க சுடுகாட்டுப் பக்கம் எட்தாந்துடுண்ணா. எங்க ஆத்தா ஒண்ணுஞ் சொல்லமாட்டா" என்றாள். நைனா தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்றா சரி என்றா என்று தெரியாதபடி.

ஐயர் வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். நனைந்த அங்கியோடு கோயில் வாசலில் நின்று நைனாவின் தோளில் கை வைத்தார். "நானாக ஒன்றும் செய்ய முடியாது. சபை ஒழுங்கு இருக்கிறது. கடைசி நேரத்தில் அந்த அம்மா மனந்திரும்பினார்கள் என்று யாராவது சாட்சி சொன்னால் போதும். நானே குழியில் இறங்கி அடக்கம் பண்ணுகிறேன்."

சபையார் எல்லோரும் உள்ளே இருந்தார்கள். நைனா நடுவில் போய் நின்றார், அத்தையை நிற்க வைத்த அதே இடத்தில். கூட்டத்தில் ஜெபம் சொல்லச் சொன்னால் கணீரென்று சொல்கிறவர், அன்று தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார்.

"சொல்லிச்சிங்க" என்றார். "காலைல எங்கிட்ட சொல்லிச்சி. நான் செஞ்சது பாவந்தான், சபையாருங்க என்ன மன்னிக்கணும்னு சொல்லச் சொல்லிச்சி. அழுதுச்சிங்க."

அழவில்லை. நான் அம்மாவின் புடவையை இழுத்து, "நைனா அப்ப வூட்லயே இல்லியே" என்றேன். அம்மாவின் கை என் வாயை மூடியது. பல் உதட்டில் குத்தி உப்புக் கரித்தது. உபதேசியார் நைனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். காலை முழுக்க நைனா எங்கே இருந்தார் என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கோயிலில் இல்லை. இருவர் கையிலும் முள்கம்பி கீறிய ரத்தக்கோடுகள் காயாமல் இருந்தன.

உபதேசியார் எழுந்தார். "ஆமென்" என்றார்.

மணி அடித்தது. சபைக்கு முன் பொய் சொன்னவன் அந்த இடத்திலேயே விழுந்து செத்த கதையை ஞாயிறு பள்ளியில் படித்திருந்தேன். நைனா விழுவதற்காகக் காத்திருந்தேன். பிணத்தைத் தூக்கும்போது பார்த்தேன், குழி மேட்டில் கால் வழுக்கியபோது பார்த்தேன். விழவில்லை. அத்தையை மாமாவுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். காணாமற்போன ஆடு வீடு திரும்பியது என்று ஐயர் பிரசங்கம் செய்தார். வேலிக்கு அப்பால் நின்ற பெண்களுக்கு அது யாரைப் பற்றிய பேச்சு என்று விளங்கவில்லை.

இடம் கிடைத்தது. ஆனால் அதோடு விடவில்லை. நல்ல சாட்சி என்று சபைக்கு அது பிடித்துப்போனது. அறுப்பின் பண்டிகையில், ஈஸ்டர் விடியலில், வெளியூர் ஊழியர் வரும் கூட்டத்தில், நைனாவை எழுப்பி அக்காவின் கடைசி வார்த்தைகளைச் சொல்லச் சொன்னார்கள். அவர் சொன்னார். சொல்லச் சொல்ல அத்தை இன்னும் அதிகமாக அழுதாள், இன்னும் தாழ்ந்து முழங்காலிட்டாள். நின்றுகொண்டே கேள்வி கேட்ட அந்தப் பெண்பிள்ளையை எங்கள் சபையில் இன்று யாருக்கும் தெரியாது.

அடக்கத்துக்குப் பிறகு வந்த திருவிருந்தில் நைனா இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அடுத்த மாதமும் இல்லை. ஐயர் கேட்டதற்கு, முட்டி வலி, மண்டியிட முடியவில்லை என்றார். கமிட்டியில் இருந்தார், மணி அடித்தார், பாய் விரித்தார். அத்தைக்குக் கிடையாது என்று கை தூக்கிய அந்த அப்பத்துக்கு மட்டும் கை நீட்டவில்லை, உயிரோடு இருந்த வரை. ஐயர் தட்டோடு இறங்கி அவர் இடத்துக்கே வந்தபோதும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார், அடிக்குப் பயந்த பிள்ளையைப் போல.

ஐயரிடம் முட்டி வலி என்று சொன்ன மறுநாளே விடிய அவர் நாற்று முடியோடு சேற்றில் இறங்கியதை நான் பார்த்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். பொய் சொன்ன வாயில் அப்பத்தைப் போட்டால் செத்துப்போவோம் என்று பயப்படுகிறார். வேறென்ன? அன்று சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டு, யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, நம்ம நைனா ஒரு பயந்தாங்கொள்ளி என்று சொன்னேன்.