எதிரி ஏமாறாத விமானம்

சவூதியின் தம்மாமில் கண்காட்சி அரங்குகளுக்குப் படம் வரைந்து பிழைத்த சுஐபுக்குப் போர் வந்ததும் ஒரு விநோதமான டூட்டி கிடைத்தது. பெரிய தார்ப்பாய்களில் போர் விமானம் வரைய வேண்டும். அவற்றைப் பாலைவனத் தளத்தில் விரித்து வைப்பார்கள். மேலிருந்து பார்க்கும் எதிரி நிஜமென்று நம்பிக் குண்டை வீணடிக்க வேண்டும். அவனோடு ஒரே ரூமில் இருந்த கீழக்கரை சாகிருக்கும் அதே வேலைதான்.

சுஐபு இறக்கையின் தகடுகளைத் தனித்தனியாகத் தீட்டினான். விமானத்தின் மூக்கு நுனியில் வெயில் மின்னியது. சாகிர் சாம்பல் நிறத்தை மளமளவென்று பூசிவிட்டு, சுற்றிலும் எண்ணெய்க் கறையும் டயர்த் தடமும் இழுத்தான்.

"அவன் வேலை அழுக்கா இருக்கு சார். ஓரத்துல போடுங்க," என்று இன்ஜினியர் அனந்தகிருஷ்ணனிடம் சுஐபு போட்டுக் கொடுத்தான். அவரும் சுஐபின் விமானத்தை நடுவிலும் சாகிருடையதை ஓரத்திலும் விரிக்கச் செய்தார்.

ஒரு விடியற்காலை ட்ரோன் வந்தது. யாருக்கும் காயமில்லை. நடுவிலிருந்ததை விட்டுவிட்டு ஓரத்திலிருந்த சாகிரின் விமானத்தின் மேல் போய் விழுந்து, பெரும் பள்ளம் பறித்திருந்தது.

ராணுவ அதிகாரி சாகிரைக் கட்டிப்பிடித்து இரு கன்னத்திலும் முத்தமிட்டார். கூட்டத்தோடு கை தட்டிய சுஐபுக்கு வயிறு எரிந்தது. எதிரிக்குக்கூடத் தன் படம் பிடிக்கவில்லையே!

அதிராம்பட்டினத்திலிருந்து மனைவி ஸஹ்ரா பதறிப்போய் அழைத்தாள்.

"உங்க பக்கம் ஒண்ணும் விழலையே?"

"விழல. என்னோடத சீண்டக்கூட இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்!"

சட்டென்று போனை வைத்துவிட்டான்.

மறுநாள் பழைய இன்ஜின் ஆயிலை வாளியில் கொண்டுபோய்த் தன் பளபளப்பான விமானத்தைச் சுற்றி ஊற்றினான். டயரை உருட்டித் தடம் பதித்தான். பிறகு அனந்தகிருஷ்ணனிடம் போய், "என்னோடத அந்த ஓரத்துக்கு மாத்துங்க சார்," என்று கெஞ்சினான்.

"குண்டு விழணும்னு ஆசைப்படுறியா? ஆளைப் பாரு!" என்று அவர் சிரித்தார். ஆனாலும் மாற்றினார்.

தினமும் விடிந்ததும் போய்ப் பார்த்தான். மணல்தான் படிந்திருந்தது. அடுத்து வந்த ட்ரோனும் சாகிர் புதிதாக வரைந்ததன் மேல்தான் விழுந்தது.

போர் ஓய்ந்தது. தார்ப்பாய்களைச் சுருட்டச் சொன்னார்கள். கிழிசல் ஒன்றுமில்லாத தன் விமானத்தின் மேல் சுஐபு மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். அவனை அண்ணனாக மதித்துக் காக்கா என்றே கூப்பிடும் சாகிர் வந்து மறுமுனையைத் தூக்கினான்.

"பிடிங்க காக்கா, நானும் வாரேன். என்ன அழகா வரைஞ்சிருக்கீங்க!"

"வுடு அதெ."

"கனமா இருக்குமே..."

"வுடுன்னா வுடு!"

சாகிர் முகம் வாடி நகர்ந்தான். சுஐபு ஒற்றை ஆளாக, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமென்று, கோணலும் மாணலுமாகச் சுருட்டத் தொடங்கினான்.