ரகுவின் போன் ஏன் அடிக்கவில்லை?

பித்தப்பையில் கல் என்று போன வாரம் எனக்கு ஒரு சின்ன ஆபரேஷன், குரோம்பேட்டை ஆஸ்பத்திரி ஒன்றில். கல்லை எடுத்தாயிற்று, நான் நலம். கவலைக்கிடமாக இருந்தது என்னவோ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கணவர்தான்!

ரகு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இன்ஜினீயரிங் பிரிவுக்குத் தலைவர். சேலையூரில் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அவர் போன் அடிக்கும். கல்யாணப் பந்தியில் அடிக்கும். அந்தப் போனை நான் திட்டாத நாளில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்று நாளாக அது ஒரு தடவைகூட அடிக்கவில்லை. எனக்கு நிம்மதி. அவரோ ஜன்னலோரம் போய் சிக்னல் பார்த்தார், போனை அணைத்துப் போட்டுப் பார்த்தார்... “சிஸ்டர், இங்க டவர் கிடைக்குமா?” என்று நர்ஸைக் கேட்டார்.

“என்னங்க ஆச்சு?”

“லீவு போட்டா ஒருத்தரும் தேடல. அப்போ நான் எதுக்கு அங்க? இப்பல்லாம் ஆளைக் குறைக்கறாங்க... ஐம்பது வயசுல வேற எங்க போய் நிப்பேன்?”

சிரித்தால் தையல் வலிக்குமே என்று அடக்கிக்கொண்டேன். பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே பயந்து போயிருந்தார். பாவமாக இருந்தது.

அன்று சாயந்திரம் அவர் டீமில் இருக்கும் ஜெனிஃபர், கோவிலம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள் – கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலுடன். இவர்கள் ஆபீஸில் பாஸைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என் மாமியாருக்கு அது இன்னும் ஜீரணமாகவில்லை.

“ரகு, அக்காவுக்கு ஆபரேஷன் நடந்த அன்னைக்கு சர்வர் ரெண்டு மணி நேரம் படுத்துடுச்சு. நாங்களே சரி பண்ணிட்டோம்.”

துள்ளி எழுந்தார். “ரெண்டு மணி நேரமா? எனக்கு ஏன் சொல்லல?”

“எங்கப்பாவுக்கு பைபாஸ் நடந்தப்ப என் லேப்டாப்பை வாங்கி உங்க டிராயர்ல வெச்சுப் பூட்டினீங்களே... ‘அப்பா வீட்டுக்கு வந்தப்புறம் வாங்கிக்கோ’ன்னு? உங்க லேப்டாப்பைப் பிடுங்க எங்களுக்கு தைரியம் இல்ல. அதான், யாரும் போன் பண்ணக் கூடாதுன்னு பேசி வெச்சுக்கிட்டோம். சர்வர் படுத்தா முதல்ல எங்க பாக்கணும்னு நீங்கதான் ஏற்கெனவே பழக்கிட்டீங்களே!”

ரகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

டெக்னாலஜி டீமை எப்படி நடத்துவது என்று எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு வரிசை புத்தகம் இருக்கிறது. இந்த டிராயர் விஷயம் அதில் எதிலாவது இருக்குமா, தெரியவில்லை. வேலையையும் கற்றுக்கொடுத்து, வேலையைத் தள்ளி வைக்கவும் கற்றுக்கொடுத்த மனிதருக்கு, தான் செய்தது என்னவென்றே தெரியவில்லை. கூடவே குடித்தனம் நடத்தும் எனக்கும்தான்! எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

ஜெனிஃபர் கிளம்பியதும் போனை அணைத்து என் கைப்பையில் போட்டார். நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டார்.

“ரொம்ப வலிக்குதாம்மா?”

மூன்று நாளில் போனைப் பார்க்காமல் அவர் கேட்ட முதல் கேள்வி.

“இல்லைங்க” என்றேன். தையல் சுரீர் சுரீரென்று இழுத்துக்கொண்டுதான் இருந்தது!