பின்னல் தெரியாத படம்

“கடையில வேற ஆளே இல்லையா? இந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்?”

மாட்டுங்கா வீட்டுப் பெரியவர் என் எதிரிலேயே முதலாளிக்குப் போன் செய்தார். டிவியோடு எங்கள் கடையிலிருந்து இணைத்துக் கொடுத்த கம்ப்யூட்டரில் இருட்டுக் காட்சி எதுவும் தெரியவில்லை என்பது அவர் புகார். இதைச் சரிசெய்யாவிட்டால் நான் மறுபடி பில் கவுன்டரில் உட்கார வேண்டும். எங்கள் தாராவி வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். அந்தக் கவுன்டருக்குத் திரும்ப மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

“பிளேயர்தான் சரியில்ல சார்” என்று அடித்துச் சொல்லி, வீடியோ ஓட்டும் வேறொரு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அவர் மகளின் நடன வீடியோவை இரண்டிலும் ஓட்டி, ஒரே இடத்தில் நிறுத்திக் காட்டினேன். இரண்டிலும் மகளின் பின்னல் மேடை இருட்டில் கரைந்திருந்தது.

“ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு? எதுக்கும்மா இந்தத் தமாஷா?”

இரண்டிலும் ஒரே குறை என்றால் கோளாறு பிளேயரில் இல்லை. கம்ப்யூட்டர் அனுப்பும் கறுப்பின் அளவும் அவர் டிவி எதிர்பார்க்கும் அளவும் வேறு. கடையில் இருக்கும் டிவிக்குப் பொருத்தமாக அந்த அளவை வைத்து அனுப்பியவள் நானேதான். அளவை மாற்றியதும் பின்னல் இழை இழையாகத் தெரிந்தது.

சொல்லாமலே கிளம்பியிருக்கலாம்.

“தப்பு என்னோடது சார். பிளேயர் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “இன்னும் எத்தனை ஆத்துல இப்படி வெச்சிருக்கே?”

“செம்பூர்ல ஒண்ணு.”

முதலாளியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னபோது, நான் செம்பூர் வீட்டின் அழைப்புமணியை அழுத்தியிருந்தேன்.