கேமராவில் மாட்டிய வாழைச் சருகு

கண்ணை மூடினாலும் எனக்குப் பச்சைப் புள்ளிகள் தெரிகின்றன. அத்தனையும் என் நெல் அறுவடை வண்டிகள். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கருவி வைத்திருக்கிறேன். வண்டி எங்கே நிற்கிறது, ஓடுகிறதா, சும்மா கிடக்கிறதா என்று செல்போனில் காட்டும். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. சீர்காழிப் பக்கம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே பேராவூரணிப் பக்கம் ஒன்று சேற்றில் சிவப்பாகிவிடும். உடனே டிரைவரைக் கூப்பிட வேண்டும். சம்பா அறுப்பு முடிகிற வரைக்கும் இதுதான் பிழைப்பு.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் எங்கள் பக்கத்தில் முதல் பெல்ட் வண்டி என்னுடையதுதான். டயர் வண்டி புதைகிற ஈரவயலில் என் வண்டி வாத்து மாதிரி போகும். பெரிய பெரிய ஆபீசர்கள் எல்லாம் என்னிடம் தேதி கேட்டு வாங்கித்தான் தங்கள் வயலை அறுக்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். யாரும் தூக்கிவிட்டு நான் மேலே வரவில்லை.

ஆனால் மேலே வந்து பார்த்தால் அங்கே ஒரு செல்போன்தான் இருக்கிறது. விடிந்தால் வாய்ஸ் மெசேஜ். "அண்ணே, மழ இருட்டிக்கிட்டு வருது, இன்னைக்கே வண்டிய அனுப்புங்கண்ணே." சாய்ந்த நெல்லைப் படம் பிடித்து ஒருவர், அறுந்த பெல்ட்டைப் படம் பிடித்து ஒருவர். கூடத்து டிவியில் வண்டி நிறுத்தும் ஷெட்டின் கேமரா ஓடிக்கொண்டே இருக்கும். மத்தியானத்துக்குள் கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் இருக்கும், தலை உரலாகக் கனக்கும். வயலில் வருகிற அசதி எனக்குத் தெரியும்; அது படுத்ததும் தூங்கவைக்கும். உட்கார்ந்த இடத்தில் வருகிற இந்த அசதி தூங்கவிடுவதில்லை.

ஒரு நாள் சாயங்காலம் மோட்டாரை நிறுத்தக் கொல்லைக்குப் போனேன். வாழைக்கு நடுவே கோரையும் அருகம்புல்லும் முழங்கால் உயரம் நின்றன. சுவரில் சாய்த்துவைத்திருந்த மண்வெட்டியை எடுத்தேன். சும்மா நாலு வெட்டு வெட்டலாம் என்றுதான் எடுத்தேன். வெயில் இறங்கியதே தெரியவில்லை. வேர்வை வழிந்து, கைவிரல் காந்தி, மூச்சு வாங்கி நிமிர்ந்தபோது தலைக்குள் ஒரு புள்ளியும் இல்லை. அன்றைக்கு ராத்திரி குழந்தை மாதிரி தூங்கினேன்.

அதிலிருந்து வெயில் தாழ்ந்ததும் செல்போனை அடுக்களை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டுக் கொல்லைக்குப் போய்விடுவேன். அரிசிக்குள் புதைத்துவிட்டால் அது எவ்வளவு கத்தினாலும் கேட்காது.

என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. அவளும் நாற்று நட்டு வந்தவள்தான். இப்போது பின்பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து நிற்பாள்.

"யாராச்சும் பாத்தா என்னங்க நெனைப்பாங்க? வண்டியெல்லாம் வித்துட்டு மறுபடி கூலிக்குப் போறாருன்னு பேசமாட்டாங்க?"

"என் கொல்லையில நான் வெட்டுறேன். கூலி யாரு குடுக்கப் போறா, நீயா?"

"நெஞ்சுல ஸ்டெண்ட வச்சுக்கிட்டு பேச்சப் பாரு. டாக்டர் நடக்கத்தான சொன்னாரு?"

"கொல்லைக்கு நடந்துதான வந்தேன். பறந்தா வந்தேன்?"

ஸ்டெண்ட் வைத்தது நிஜம்தான். சென்ற வருஷம் தஞ்சாவூரில் வைத்தார்கள். அதற்குச் சிங்கப்பூரிலிருந்து ஓடிவந்தவன் என் மகன். அங்கே கம்ப்யூட்டர் வேலை; எதிரே இரண்டு ஸ்க்ரீன் வைத்துக்கொண்டு நாளெல்லாம் பார்க்கிற உத்தியோகம். பொங்கலுக்கு வந்தபோது கொல்லையைப் பார்த்தபடி குளியலறை வெளிச்சுவரின் மேல் ஒரு கேமரா மாட்டிவிட்டுப் போனான். தேங்காய் திருடு போகிறது என்றான். எங்கள் கொல்லையில் எந்தத் திருடன் தேங்காய் பறித்தான்? எனக்காகத்தான் மாட்டினான் என்பது அவன் சிங்கப்பூர் திரும்பிய பிறகு தெரிந்தது. நான் மண்வெட்டியைத் தூக்கினால் அங்கிருந்து தாய்க்குப் போன் வரும்.

"அம்மா, அப்பா வேர்க்க வேர்க்க வெட்டிக்கிட்டு இருக்காரு. போயி நிறுத்தும்மா."

அவள் ஓடிவருவாள். நான் கேட்கமாட்டேன். கொஞ்ச நாளில் போன் வருவது நின்றது. ஆனால் கேமராவின் சின்ன விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. ஒன்றும் சொல்லாமல் பார்ப்பது, சொல்லிக்கொண்டே பார்ப்பதைவிட மோசம்.

எதனால் அப்படி என்று சொல்கிறேன். என் அப்பா பண்ணையில் கூலிக்கு இருந்தவர். நாங்கள் களை எடுக்கும்போது பண்ணையின் காரியக்காரர் வரப்பில் குடை பிடித்து நிற்பார். அவர் கால் சேற்றில் படாது. கண் மட்டும் எங்கள் முதுகின் மேல் ஊர்ந்துகொண்டே இருக்கும். "அந்த ஓரத்துல விட்டுட்ட பாரு" என்பார். அப்பா குனிந்தபடியே திரும்பிப் போய் அந்த ஓரத்துப் புல்லைப் பிடுங்குவார். ஒருவன் வரப்பில் நின்று பார்க்க நான் குனிய மாட்டேன் என்று அப்போது நினைத்தேன். நான் இவ்வளவு தூரம் வந்ததற்கு அந்த நினைப்புதான் காரணம்.

ஆகவே ஒரு காய்ந்த வாழைச் சருகை உரித்துக் கேமராவின் தலையில் முக்காடு மாதிரி மாட்டிவிட்டேன். அன்றைக்கு மண் கொஞ்சம் லேசாக இருந்ததுபோல் தோன்றியது.

மறுநாள் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். மனைவி தன் போனை வீட்டில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தாள். என் போன் அரிசிக்குள் கிடந்தது. திடீரென்று பின்பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு என் ஷெட் டிரைவர் மூச்சிரைக்க ஓடிவந்து நின்றான்.

"அண்ணே, உசுரோடதான் இருக்கீங்களா?"

"ஏன்டா, செத்தவன் மண்ணு அணைக்கிறத எங்கயாச்சும் பாத்திருக்கியா?"

அவன் தன் போனை என் காதில் வைத்தான். அந்தப் பக்கம் என் மகன். குரல் உடைந்திருந்தது.

"அப்பா, கேமரா நேத்துலேர்ந்து இருட்டா இருக்கு. ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். இன்னைக்குக் கூப்பிட்டா நீங்களும் எடுக்கல, அம்மாவும் எடுக்கல. நான் என்னன்னு நெனைக்கிறது?"

"கோளாறு இல்லடா. சருகு மாட்டியிருக்கேன்."

"அத எடுத்துடுங்கப்பா" என்றான்.

"எதுக்கு? வேலைய நிறுத்துன்னு சொல்றதுக்கா?"

"அதச் சொல்றத நான் எப்பவோ விட்டுட்டேனேப்பா. நீங்க கவனிக்கலயா?" தயங்கித்தான் சொன்னான். "ஆபீஸ் முடிஞ்சு ரயில்ல வரும்போது அதத்தான் பாத்துக்கிட்டு வருவேன். காலைலேர்ந்து ஸ்க்ரீனப் பாத்துப் பாத்து மண்ட காஞ்சு போயிருக்கும். நீங்க மண்வெட்டியப் போடறது, மண்ணு பொரளறது, அதச் சும்மா பாத்துக்கிட்டிருந்தா தல அடங்கும்."

"ஸ்க்ரீனப் பாத்து வந்த அசதிக்கு ஸ்க்ரீனே மருந்தாடா?"

"இங்க வேற என்னப்பா இருக்கு? பால்கனில ஒரு தொட்டி. அதுல மணி பிளாண்ட்."

கேமராவைப் பார்த்தேன். சருகு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நான் தலையை ஆற்றிக்கொள்ள வந்த இடத்திலேயே இன்னொருத்தன் தலையும் வந்து சாய்ந்திருக்கிறது. வரப்பில் ஆள் நிற்பது எனக்கு ஆகாது. ஆனால் நிற்பவன் இவன்.

"எடுக்குறேன். ஆனா நீ வாயத் தொறக்கக் கூடாது."

"தொறக்கலப்பா."

மறுநாள் சருகை எடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். முதலில் முதுகு கூசியது. கேமராவுக்கு எதிர்ப்பக்கமாகவே திரும்பித் திரும்பி வெட்டினேன். பிறகு மண் என்னை இழுத்துக்கொண்டது. வெயில் மதிலைத் தாண்டிப் போகிற நேரத்தில் மனைவி போனோடு வந்தாள்.

"உங்க புள்ள."

"என்னடா, அதுக்குள்ள பேச்சு மாறிட்டியா?"

"நிறுத்தச் சொல்லலப்பா. அந்த மதில் ஓரத்துல கோரைய விட்டுட்டீங்க."

எனக்குச் சுருக்கென்றது. திரும்பிப் பார்த்தேன். மதில் ஓரம் கோரை நின்றது நிஜம்தான். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அவ்வளவு அக்கறை இருந்தா எறங்கி வந்து வெட்டுடா" என்றேன்.

"லீவு கெடச்சா வரேன்பா" என்றான். அவனுக்குப் பின்னால் ரயில் ஓடுகிற சத்தம் கேட்டது, ஏதோ ஸ்டேஷன் பேரை ஒரு பெண் குரல் சொன்னது. அது அவன் இறங்குகிற ஸ்டேஷன் இல்லை போலிருக்கிறது. அவன் போனை வைக்கவில்லை.

நான் மதிலோரம் போய்க் குனிந்தேன். கோரைக்குக் கிழங்கு அடியில் இருக்கும். மேலே சீவினால் மறுபடி வரும். ஆழமாக வெட்டி, கிழங்கைப் பொறுக்கி வெளியே போட்டேன். இடுப்பு வலித்தது. அவன் இறங்குகிற வரைக்கும் இருக்கட்டும் என்று மெதுவாகவே வெட்டினேன்.