அண்ணி போட்ட சாக்பீஸ் சுவர்

எங்கள் அண்ணியைக் கூட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய் நல்ல பேரோடு திரும்பிவர முடியாது. ஊரே மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் மண்டபத்தின் வாசல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிடப் போகிறவர்களும் கை கழுவிவிட்டு வருகிறவர்களும் எந்த மூலையில் முட்டிக்கொள்கிறார்கள் என்று நின்று கவனிப்பார். ஒருமுறை மாப்பிள்ளையின் பெரியப்பாவை வழிமறித்து, "ஐயா, இந்தப் படியில ஏறும்போது எதைப் புடிச்சுக்கிட்டு ஏறினீங்க?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெரியவர் பதறிப்போய், "நான் எதையும் எடுக்கலையேம்மா" என்றார்.

அண்ணி கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். பங்களா, மாடி வீடு என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுவார். மருத்துவமனை, சர்ச், தபால் ஆபீஸ், வரி கட்டும் ஆபீஸ் என்றால் மட்டும் முகம் மலரும். காரணம் கேட்டால், "வீட்டைக் கட்டினா அந்த வீட்டுக்காரர் மட்டும்தான் நம்மளத் திட்டுவாரு. ஆபீஸைக் கட்டினா ஊரே திட்டும். அப்பத்தான் ஒழுங்கா வரையணும்னு ஒரு பயம் இருக்கும்" என்பார். அந்தப் பயம் சொந்த வீட்டின் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. எங்கள் சமையலறைக் கதவு இன்றுவரை ஃப்ரிட்ஜில் இடித்துக்கொண்டு பாதிதான் திறக்கும். அண்ணன் வயிற்றை எக்கிக்கொண்டுதான் உள்ளே போய்வருவார்.

அவர் வரைந்த சர்ச் ஒன்றில் முதல் சாவு விழுந்தபோது நானும் போயிருந்தேன். பழைய சர்ச்சின் வாசல் திருப்பத்தில் சவப்பெட்டி எப்போதும் சிக்கிக்கொள்ளுமாம். புதியதில் பெட்டி எங்கும் இடிக்காமல் நேராக வெளியே வந்தது. அண்ணி தேம்பித் தேம்பி அழுதார். இறந்தவருக்கு ரொம்ப நெருக்கம் போலிருக்கிறது என்று நினைத்து வீட்டுக்காரர்களே வந்து அவரைத் தேற்றினார்கள். அண்ணிக்கு இறந்தவரின் பேர்கூடத் தெரியாது.

காகிதத்தில் போட்ட கட்டடத்தை அண்ணி நம்ப மாட்டார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கை இடித்துவிட்டு அதன் சிமெண்டுத் தரையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரைபடம் முடிந்ததும் அண்ணி அந்தத் தரையில் சாக்பீஸால் கட்டடத்தை முழு அளவில் போடுவார். ஒரு கோடு என்றால் சுவர். கோடு விட்டுப்போன இடம் வாசல். அதற்குள் வீட்டிலிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் வந்துவிடும். பிறகு குடும்பமே இறங்கி அந்தக் கட்டடத்தில் ஒரு நாள் குடித்தனம் நடத்த வேண்டும். கண்ணாடி போட்டிருக்கிற ஒரே தகுதியால் அண்ணன் எப்போதும் டாக்டர், இல்லாவிட்டால் பாதிரியார். நகல் எடுக்கும் கடை வைத்திருக்கும் நான், என்ன பாவம் செய்தேனோ, எப்போதும் கால் ஒடிந்தவன். காலில் துண்டைச் சுற்றிவிட்டு நொண்டச் சொல்வார். கோட்டைத் தாண்டினால் திரும்பத் தெருவிலிருந்து வர வேண்டும் என்பது சட்டம்.

இந்தச் சட்டத்தில் எங்கள் அம்மாவைப்போல் கறாரான ஆள் கிடையாது. இல்லாத கதவைக் கையால் திறந்து, உள்ளே போய், மறக்காமல் சாத்திவிட்டுத்தான் வருவாள். ஒருநாள் தெருநாய் ஒன்று தபால் ஆபீஸ் சுவருக்குள் புகுந்து போனதற்கு அதைச் சுற்றி அனுப்பிவைத்தாள். அண்ணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இந்த வீட்லயே என் தொழிலுக்கு மரியாதை குடுக்கறது அத்தை ஒருத்தர்தான்" என்று எங்கள் இருவரையும் முறைத்தார்.

அம்மா வெளியே வருவதும் அந்தச் சிமெண்டுத் தரை வரைக்கும்தான். கொஞ்ச காலமாகவே அவள் வாசல் தாண்டுவதை நிறுத்திவிட்டாள். கல்யாணம், காட்சி, தன் தங்கை வீடு எதற்கும் வருவதில்லை. கேட்டால் முட்டி வலி. அந்த முட்டியோடு ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுவாள். சரி, முட்டிக்கு மாடி பிடித்திருக்கிறது, தெரு பிடிக்கவில்லை என்று நாங்கள் விட்டுவிட்டோம். ஆனால் கவலைதான். எப்போதும் நாலு பேரோடு பேசிக்கொண்டே இருந்தவள், ஜன்னலோரமாக உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் வா என்றால் அசைய மாட்டாள். எங்கள் பகுதிக்குப் புது மருத்துவமனை வருகிறது, வரைவது அண்ணிதான் என்று தெரிந்தபோது மட்டும் ஒரு வாக்குக் கொடுத்தாள்.

"என் மருமக கட்டற ஆஸ்பத்திரி வரட்டும். அங்கதான் காட்டிக்குவேன்."

தப்பித்துக்கொள்ளச் சொன்ன வார்த்தை அது. அண்ணி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அத்தையை உள்ளே வரவழைக்கிற மாதிரி ஒரு மருத்துவமனை கட்டாவிட்டால் தான் பென்சிலைத் தொடுவதிலேயே அர்த்தமில்லை என்று அண்ணனிடம் சொன்னாராம்.

அண்ணிக்கு ஒரு கொள்கை உண்டு. கட்டடத்துக்குள் வந்து உட்காருகிறவருக்கு எல்லாம் கண்ணெதிரே தெரிய வேண்டும். யாரிடமும் எதையும் கேட்டுக்கொண்டு திரியக் கூடாது. ஆகவே மருத்துவமனையின் நடுவில் வெளிச்சமான பெரிய கூடம் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்தால் எதிரே டாக்டர் அறை, மருந்து கொடுக்கும் ஜன்னல், கழிவறை, மூன்றின் கதவும் வரிசையாகத் தெரியும். இதற்காகக் கட்டடக் குழுவோடு ஒவ்வொரு கூட்டத்திலும் மல்லுக்கட்டினார். குழுவின் தலைவர் வயதான மனிதர்; கூடத்தைச் சுருக்கிவிட்டு முகப்பில் உயரமான தூண்கள் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நாங்கள் அவருக்குத் தூண்காரர் என்று பேர் வைத்தோம். தூண் என்ற சொல்லைக் கேட்டாலே அண்ணி மூக்கு விடைக்கும். கடைசியில், சாக்பீஸ் கட்டடத்தில் நடந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகக் குழு ஒத்துக்கொண்டது.

அவர்கள் வருகிற அன்று காலையில் எங்களுக்கு ஒத்திகை. அண்ணன் டாக்டர் அறையில் மிடுக்காக உட்கார்ந்தார். நான் துண்டு சுற்றிய காலோடு கூடத்தில் உட்கார்ந்தேன். அம்மா தெருவிலிருந்து வந்தாள்.

"அத்தை, கூடத்துல உக்காருங்க. பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க" என்றார் அண்ணி.

அம்மா கூடத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போய், சுவரை ஊடுருவி, கழிவறைக்குள் நின்றாள்.

"அத்தை, அது சுவரு!"

"ஐயோ, கவனிக்கலையேம்மா."

திரும்பத் தெருவுக்கு அனுப்பினோம். திரும்ப வந்தாள். அதே இடத்தில், அதே சுவரில் புகுந்தாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மாவுக்கு மட்டும் சுவரே ஒதுங்கி வழி விடுது பாரு!"

"ஏன் அத்தை, தலைவர் வர்ற நேரத்துல வெளையாடுறீங்க?" என்று அண்ணி சிடுசிடுத்தார். இன்னொரு முறை அனுப்பினார். நாயைக்கூடச் சுற்றிப் போக வைத்த அம்மா மறுபடியும் அந்தச் சுவர் வழியாகத்தான் வந்தாள்.

இந்த முறை அண்ணி சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவுக்கென்று போட்டிருந்த நாற்காலியில், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எதிரே பார்த்தார். நேர் எதிரே கழிவறைக் கதவு. அதைத் திறந்துகொண்டு போகிறவரைக் கூடத்திலிருக்கும் ஒருவரும் பார்க்காமல் இருக்க முடியாது.  அண்ணி அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அத்தை, உங்களுக்கு முட்டி வலியே இல்லதானே?"

நான் எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் கால் ஒடிந்தவன் சட்டென்று எழுந்து நடக்கக் கூடாது என்பதும் அண்ணி போட்ட சட்டம்தான். வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"முட்டிக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு" என்றாள் அம்மா. "எனக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும்மா. வந்தா அடக்க முடியல. இத்தனை பேருக்கு எதிர்ல எத்தனை தடவை அந்தக் கதவைத் தொறந்துக்கிட்டுப் போவேன்? எங்க போனாலும் இதே பயம். அதான் எங்கயும் போறதில்ல."

"எங்கிட்ட ஏன் அத்தை சொல்லல?"

"நீ ஆசை ஆசையா வரஞ்சிருக்க. எல்லாம் எல்லாருக்கும் தெரியணும்னு சொல்லிக்கிட்டே இருக்க. அதப் போய் நான் எப்படிக் கொற சொல்றது?"

அண்ணி திரும்பி அந்தக் கழிவறைக் கதவை மறுபடி பார்த்தார்.  கேலி செய்யக் காத்திருக்கிற எனக்கே பாவமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் குழு வந்துவிட்டது. தூண்காரர், பொருளாளர், மருத்துவமனையில் வேலை பார்க்கப்போகிற நர்சம்மா. அண்ணி பின்னால் நடக்க, அவர்கள் கட்டடத்தைச் சுற்றி வந்தார்கள். தூண்காரர் டாக்டர் அறையில் உட்கார்ந்து பார்த்தார். அண்ணனிடம் நாக்கை நீட்டிக்கூடக் காட்டினார். கடைசியில் கூடத்துக்கு நடுவில் நின்று, "நல்லாத்தாம்மா இருக்கு. நான்தான் வீணா அடம் புடிச்சேன். தூண் இல்லாட்டி போகுது, இப்படியே கட்டிடுவோம்" என்றார்.

இதைக் கேட்கத்தான் அண்ணி அத்தனை கூட்டங்களில் தொண்டை வறளக் கத்தியிருக்கிறார். இப்போது என்னடாவென்றால், செருப்புக் காலால் கழிவறைச் சுவரைத் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தார்.

"இப்படியே கட்ட வேண்டாங்க ஐயா. தப்பா போட்டுட்டேன்."

"என்னம்மா இது? இதுக்காகத்தானே எங்களோட அவ்வளவு சண்டை போட்டீங்க? யாருக்கு இதுல என்ன தப்பு?"

ஓரத்தில் நின்றிருந்த அம்மா புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அண்ணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்குத்தான். எனக்கு அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கும். இந்த நாற்காலியில உக்காந்து பாத்தேன். இத்தனை பேர் முன்னாடி என்னால எழுந்து போக முடியாது. நான் வரைஞ்ச ஆஸ்பத்திரிதான். ஆனா நானே இங்க வர மாட்டேன்."

"உனக்கு எங்க அந்த மாதிரி…" என்று என் பக்கத்தில் நின்ற அண்ணன் வாயைத் திறந்தார். துண்டு சுற்றிய காலால் அவர் பாதத்தை ஒரு மிதி மிதித்தேன். என் ஒடிந்த கால் பிரயோஜனப்பட்டது அன்று ஒருநாள்தான்.

பொருளாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நர்சம்மா தரையைப் பார்த்தார். தூண்காரர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்ப மாட்டிக்கொண்டார்.

"எனக்கும்தாம்மா" என்றார். பொருளாளரின் சிரிப்பு நின்றுவிட்டது.

அங்கேயே அண்ணி முட்டி போட்டுப் புதுக் கோடுகள் போட்டார். கூடத்தின் ஓரத்தில் ஒரு திருப்பம். அதைத் தாண்டினால் சின்ன நடை. குடிதண்ணீர்க் குழாய், கழிவறை, டாக்டர் அறைக்கு இன்னொரு கதவு எல்லாம் அந்த நடைக்குள். ஒருவர் எழுந்து போனால் தண்ணீர் குடிக்கப் போகிறாரா, வேறெதற்காவதா என்று உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. அம்மா புகுந்து வந்த அதே இடத்தில் கோட்டை விட்டுவிட்டு, தெருவிலிருந்து நேரே வர ஒரு பக்கவாசலும் வைத்தார். தூண்காரர் நடந்து பார்த்துத் தலையாட்டினார். "இதுக்கு நான் பொறுப்பு. ஆனா முகப்புல ரெண்டு தூண் வெச்சிடும்மா" என்றார்.

அண்ணியின் மூக்கு விடைத்தது. அம்மாவைப் பார்த்தார். "வெச்சிடறேங்க ஐயா" என்றார்.

அந்தத் தூண்கள் எதையும் தாங்கிக்கொண்டு நிற்கவில்லை. ஆனால் திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அண்ணியிடம் வந்து, "தூண் ரெண்டும் பிரமாதம்" என்று கை குலுக்கினார்கள். அண்ணி சிரித்த சிரிப்பைப் படமெடுத்துக் கடையில் மாட்டலாம் என்றிருந்தேன். அண்ணன் தடுத்துவிட்டார்.

அம்மா சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். பக்கவாசல் வழியாக வந்து, கதவை மறக்காமல் சாத்திவிட்டு, டாக்டரைப் பார்த்தாள். நிறையப் பேருக்கு வருவதுதான், மருந்தும் பயிற்சியும் எடுத்தால் குறையும் என்று டாக்டர் சொன்னார். அதன்பிறகு அம்மா வீட்டுக்குக் கிளம்பாமல் கூடத்துக்கு வந்து நடு வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் அவள் வீட்டுக் கதையை எல்லாம் விசாரித்தாள். நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது அம்மாவின் இருக்கை காலியாக இருந்தது. அடுத்த முறை பார்த்தபோது, யாரும் தலை நிமிர்ந்து பார்க்காமலே, அவள் வந்து உட்கார்ந்து பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துகொண்டிருந்தாள்.

நேரமாகிவிட்டது. வந்தவர்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். அண்ணி அவள் முன்னால் போய்க் குனிந்து, "அத்தை, வீட்டுக்குக் கிளம்பலாமா?" என்றார்.

"இரும்மா" என்றாள் அம்மா. "இப்பதானே வெளிய வந்திருக்கேன்."