மாஸ்டர் திருகிய சக்கரம்

என் மேசையில் ஒரு சிவப்பு இரும்புச் சக்கரம் இருக்கிறது. உள்ளங்கை அளவுதான். ஆவிக்குழாயைத் திறந்து பூட்டுகிற திருகுபிடி அது. அலுவலகத்துக்கு வருகிறவர்கள் எடுத்து உருட்டிப் பார்ப்பார்கள், பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். நான் ஓம் என்று சொல்லிவிடுவேன். விளக்கம் சொல்லத் தொடங்கினால் அவர்களுக்குக் கொடுத்த தேநீர் ஆறிவிடும். இன்றைக்கு ஆறினால் ஆறட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதை மறைக்கிறவனும் அல்ல. மேடையில் பேசச் சொன்னால் முதலில் சொல்வதே அதைத்தான். இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரு சீன உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் பின்பக்கம் சின்ன இடம் எடுத்து, கையால் பிழிகிற ஆறு இடியப்ப உரலோடும் ஆறு பெண்களோடும் இடியப்பத் தொழிற்சாலை தொடங்கினேன். வீட்டில் அவிக்கிற சாமானை யார் கடையில் வாங்குவார்கள் என்று படித்த ஆட்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவர்களின் வீட்டிலும் இன்றைக்குக் காலைச் சாப்பாடு என்னுடைய இடியப்பம்தான்.

மாஸ்டர் என்னிடம் மா குழைக்க வந்தவர். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு ஐரோப்பிய வரலாறு படிப்பித்தவர். என் மனைவிக்குத் தூரத்துச் சொந்தம். இந்த நாட்டில் அவருடைய வரலாற்றைக் கேட்க ஒருவரும் இல்லை. எனக்கு மா குழைக்க ஆள் இல்லை. அப்படித்தான் சேர்ந்தோம். கொதிதண்ணீரை ஊற்றி அகப்பைக் காம்பால் கிண்டும்போது அவருடைய வாய் சும்மா இராது. இருநூறு வருசத்துக்கு முந்திய இங்கிலாந்துக்குப் போய்விடுவார். மலையைக் குடைந்து வாய்க்கால் வெட்டி நிலக்கரி கொண்டுவந்த கதை, ஒரு புகைபோக்கி நின்ற ஊரில் நூறு புகைபோக்கி முளைத்த கதை, குதிரை இழுத்த வண்டியை ஆவி இழுக்கத் தொடங்கியபோது சனம் வேலி ஓரமெல்லாம் திரண்டு நின்று பார்த்த கதை. பெண்கள் உரலைப் பிழிந்தபடி சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன். எனக்கு உடம்பு பரபரக்கும். அந்த ஆலைக்காரர்களில் பாதிப்பேர் என்னைப் போல எழுத்து வாசனை குறைந்தவர்கள் என்று மாஸ்டர் சொன்ன நாளில் எனக்கு இரவுச் சாப்பாடே இறங்கவில்லை. அவர்கள் என் சொந்தக்காரர் மாதிரி இருந்தார்கள். என்னை முதலாளி என்று முதலில் கூப்பிட்டவரும் மாஸ்டர்தான். பகிடிக்குத்தான் கூப்பிட்டார். நான் அதை அப்படியே வைத்துக்கொண்டேன்.

பெரிய சுப்பர்மார்க்கெட் ஒன்று என் இடியப்பத்தை எடுத்துப் பார்க்கச் சம்மதித்தது. தமிழ்க் கடை அல்ல, வெள்ளைக்காரர் வண்டில் தள்ளுகிற கடை. திங்கட்கிழமை காலையில் முதல் ஓடர். ஆறு உரலால் அது முடியாது. மூடப்போன ஒரு இத்தாலியக் கடையில் பாஸ்தா பிழிகிற மெசின் விலைக்கு வந்தது. அச்சை மாற்றினால் இடியப்பம் வரும் என்று கண்டுபிடித்தவன் நான்தான். ஒரு எஞ்சினியரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மெசின் வந்தால் இரண்டு பெண்கள் போதும், நாலு பேரை நிறுத்தலாம் என்று மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கிண்டுவதை நிறுத்திவிட்டார்.

இங்கிலாந்திலும் முதலில் நூல்தான் மெசினுக்குப் போனது என்றார். நூல் மலையாகக் குவிந்தது, நெய்ய ஆள் போதாமல் போனது. கொஞ்சக் காலம் கைத்தறிக்காரன் ராசா மாதிரி இருந்தான். பிறகு தறியும் ஆவியில் ஓடத் தொடங்க, அவனுடைய கூலி தேய்ந்து தேய்ந்து வீட்டில் அடுப்பு அணைந்தது. சிலர் சம்மட்டியோடு போய் மெசினை உடைத்தார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் மாஸ்டருடைய குரலில் வகுப்பறை இராது. எனக்கு மற்றதெல்லாம் போய்ச் சம்மட்டி மட்டும் காதில் நின்றது. அன்றைக்கே கதவுக்கு இன்னொரு பூட்டு வாங்கினேன்.

சனிக்கிழமை மெசினைப் போட்டோம். என்ன சத்தம், என்ன வேகம்! வெள்ளை வெள்ளையாக நூல் இறங்க இறங்க நான் தட்டை நீட்டிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரித் துள்ளினேன். ஆறு பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர் நெடுந்தீவு அக்கா. என்னைவிட வயது குறைவு, ஆனாலும் எல்லோருக்கும் அக்கா. புருசன் இல்லாமல் மூன்று பிள்ளைகளை அந்த உரலால்தான் வளர்த்துக்கொண்டிருந்தார். நாலு பேரை நிறுத்தப்போகிறேன் என்பது அவருடைய காதுக்கு எப்படியோ போயிருந்தது.  பிழிந்த தட்டுகளை வாங்கி மேசையில் அடுக்கினார். மேசை நிரம்பியது. கதிரை நிரம்பியது. மா மூட்டைகளின் மேலும் தட்டு ஏறியது. அவிக்கிற சட்டிகள் பழைய கணக்குக்கு இருந்தவை. அவை மூச்சுவிடவே நேரமில்லாமல் திணறின. காத்திருந்த இடியப்பம் காய்ந்து விளிம்பெல்லாம் கம்பியாக முறுகியது.

"அண்ணை, மெசின் நல்லாப் பிழியுது," என்றார் நெடுந்தீவு அக்கா. "அவிக்கிறது ஆர், உங்கடை மாஸ்டரோ?"

பெண்கள் அடக்கமுடியாமல் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். நூல் குவிந்துபோச்சு, நெசவைக் காணேல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நின்றார். அதற்கு என்ன வழி கண்டார்கள் என்று கேட்டேன். கண்டுபிடிக்க ஒரு தலைமுறை போனது என்றார். எனக்குத் திங்கட்கிழமை வரைக்கும்தான் நேரம் இருந்தது.

இங்கேதான் நான் யார் என்று பாருங்கள். கோப்பை கழுவிய அந்தச் சீன உணவகத்தின் குசினியில் ஆள் உயரத்துக்கு ஒரு ஆவி அலுமாரி நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. தட்டுத் தட்டாக அடுக்கி, கொழுக்கட்டை மாதிரி ஒரு பலகாரம் அவிப்பார்கள். உடனே வானை எடுத்துக்கொண்டு பார்க்டேலுக்குப் போனேன். பழைய முதலாளி புதிது வாங்கிவிட்டு அதை நிலக்கீழ் அறையில் போட்டு வைத்திருந்தார். என்னைக் கண்டதும், கோப்பை உடைக்கிறவன் வந்துவிட்டான் என்றார். ஏற்றிக்கொண்டு வந்தேன். காஸ் பூட்டுகிற லைசன்ஸ்காரப் பொடியனை ஞாயிறு விடியவே எழுப்பிக் கூட்டிவந்தேன். பத்து மணிக்கு எல்லாம் தயார். சிவப்புச் சக்கரத்தைத் திருகினால் ஆவி வரும்.

அந்த மரியாதை மாஸ்டருக்கு என்று சொன்னேன். நீராவி எஞ்சினைக் கரும்பலகையில் கீறிக் கீறியே தலை நரைத்த மனுசன், ஒருநாளும் ஒரு ஆவிக்குழாயைக் கையால் திறந்ததில்லை. அவர் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டுச் சக்கரத்தைப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். திருகவில்லை.

"திறக்கிறன். அதுக்கு முதல் சொல்லும், ஆரை நிப்பாட்டப்போறீர்?"

பின்னால் ஆறு பேரும் நின்றார்கள். காஸ்காரப் பொடியன் குனிந்து தன்னுடைய ஸ்பனர்களை எடுத்து வைத்தான். 

"அந்தக் கைத்தறிக்காரனை நான் எத்தினை வருசம் படிப்பிச்சனான்," என்றார். "இஞ்சை வந்து பாத்தா அது நான்தான். என்னை நீர் எடுத்தனீர். இவையளை வெளியிலை விட்டீரெண்டா நான் இதைத் திருகமாட்டன்."

எனக்கு அந்த இடத்தில் இரக்கம் பொங்கியது என்று எழுதினால் அது அலங்காரம். எனக்குக் கணக்குத்தான் பொங்கியது. மெசின் பிழிய, அலுமாரி அவிக்க, தட்டு மாற்ற ஒருவர், அவிந்ததைத் தட்டிலிருந்து கழற்ற இருவர், பெட்டியில் அடுக்க இருவர், இதையெல்லாம் அதட்டி நடத்த நெடுந்தீவு அக்கா. இடியப்பம் கூடினால் சம்பலும் சொதியும் சேர்த்தே விற்கலாம். அதற்கு இன்னும் ஆள் வேண்டும். ஒரு கணத்தில் முழுத் தொழிற்சாலையும் என் கண் முன்னால் ஓடியது. ஒரு இடத்தில் வேகம் வந்தால் அடுத்த இடத்தில் நெரிசல் வரும். நெரிசல் வருகிற இடத்தில்தான் ஆளுக்கு வேலை. மாஸ்டருடைய இங்கிலாந்து முழுவதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஒருத்தரையும் இல்லை. திருகும்."

அவர் திருகினார். சீறிக்கொண்டு வந்தது பாருங்கள் ஆவி! குசினியே வெள்ளையாகிவிட்டது. மாஸ்டருடைய கண்ணாடி மூடிப்போயிற்று. அதைக் கழற்றாமலே, ஒன்றும் தெரியாமல், முகத்தை ஆவிக்குள் நீட்டிக்கொண்டு சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்பு அவரிடம் நான் கண்டதில்லை. திங்கட்கிழமை ஓடர் நேரத்துக்குப் போனது. அந்தக் கடை இன்றைக்கும் என்னுடைய வாடிக்கைக் கடை.

மாஸ்டர் போய்ச் சேர்ந்து சில பனிக்காலம் ஆகிவிட்டது. அந்த அலுமாரியும் பழைய இரும்புக்குப் போனது. சக்கரத்தை மட்டும் கழற்றி எடுத்து வைத்தேன். இப்போது பெரிய கட்டடம், பெரிய ஆவிக்கூடம், பிறம்ரன் நகரத்துக் களஞ்சியம் வரைக்கும் லொறி. போன கிழமை பெட்டி அடைக்கிற புது மெசின் வந்தது. நிர்வாகத்தைப் பார்க்கிற என் மகள், "அப்பா, இனிப் பக்கிங்குக்கு இவ்வளவு பேர் நீட் இல்லை, வீ ஹாவ் டு லெட் சம் பீப்பிள் கோ," என்றாள். மெசினை ஒரு நாள் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் கதைப்போம் என்றேன். அவளுக்கு அது வயதுபோன மனுசன் தட்டிக்கழிக்கிற சாட்டு.

இன்றைக்குக் காலையில் ஓட்டினார்கள். இந்தப் பந்தியை எழுதிக்கொண்டிருக்கும்போதே மகள் மூச்சிரைக்க மேலே வந்தாள். பெட்டி குவிந்து லோடிங் கதவைத் திறக்கமுடியவில்லையாம், ஏற்ற ஆள் காணாதாம், பக்கிங் ஆட்களை ஏற்ற விடட்டுமா என்று கேட்டாள். நான் சக்கரத்தைக் கையில் எடுத்தேன். கீழே இருந்து நெடுந்தீவு அக்காவின் குரல் கேட்டது. இப்போது அவர்தான் தளத்துக்குப் பொறுப்பு.

"அண்ணை, மெசின் நல்லா அடைக்குது. ஏத்திறது ஆர்?"

சக்கரத்தை மேசையில் வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடிக்கிறேன். கீழே போகவேண்டும்.